மிச்சம் ஆறு

அலுவலகத்தில் எல்லாருடைய மணிக்கட்டிலும் கறுப்பு வளையம் மாட்டிவிட்ட அன்றுதான் அவளுடைய தூக்கம் சுத்தமாகப் போனது. அதற்கு முன்னால் அரைகுறையாகவாவது இருந்தது.

பார்சல் கம்பெனி ஒன்றில் விலாசம் திருத்தும் பிரிவில் அவளுக்கு வேலை. மழையில் கரைந்த எழுத்து, பாதி கிழிந்த சீட்டு, பேனா தீரத் தீர எழுதிய தெருப் பெயர் என்று இயந்திரம் படிக்க முடியாமல் துப்பிய விலாசமெல்லாம் படமாக அவள் திரைக்கு வரும். நாற்பது விநாடிக்குள் அது எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கதவு என்று கண்டுபிடித்துத் தட்ட வேண்டும். நாற்பத்தொன்றாவது விநாடியில் திரையின் ஓரம் சிவக்கும். ஒரு நாளைக்கு ஐந்நூற்று நாற்பது விலாசம். அவள் அறுநூறு முடிப்பாள். கோழிக் கிறுக்கலைக்கூடப் படித்துவிடுவாள் என்று அந்தத் தளம் முழுக்கப் பேச்சு.

ஆனால் போன வருட மதிப்பீட்டில் அவளுக்கு இரண்டுதான் போட்டார்கள். ஐந்துக்கு இரண்டு. "வேலை நன்று, முனைப்பு வெளியே தெரியவில்லை" என்று காரணம் எழுதியிருந்தது. முனைப்பு என்ன மூக்குத்தியா, வெளியே தெரிவதற்கு? கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் இரண்டு பேருக்கு இரண்டு போட்டே ஆக வேண்டும். பன்னிரண்டு பேரும் பம்பரமாகச் சுழன்றாலும் இரண்டு பேர் மட்டம் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும், அது விதி. இரண்டு வருடம் தொடர்ந்து இரண்டு வாங்கினால் ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இந்த வருடம் மூன்று வாங்கினால் வேலை நிரந்தரம்.

அவர்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள். அப்பா லாரி டயர் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா சலவைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு ஆவி இஸ்திரி போடுகிறாள். கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத இரண்டு பேர் சேர்ந்து அவளைப் படிக்க வைத்து அந்த நாற்காலியில் ஏற்றினார்கள். அதிலிருந்து இறங்கினால் அவள் மட்டும் இறங்கமாட்டாள்.

வளையத்தை மாட்டிவிட்டது டீம் லீடர். அவளைவிட நாலு வயது மூத்தவர், எதைச் சொன்னாலும் கையைக் குவித்து நெஞ்சருகே வைத்துக்கொண்டு சொல்லும் மனிதர்.

"இனிமே உங்க தூக்கத்தையும் கம்பெனி அக்கறையா பாத்துக்கும்" என்றார். "நூறு மார்க்ல பத்து மார்க் நலனுக்கு. நல்லா தூங்கறவங்க நல்லா வேலை செய்யறாங்கன்னு ஆய்வு சொல்லுது."

"தூங்கிக்கிட்டே பண்ணின ஆய்வா இருக்கும்" என்று பக்கத்து இருக்கைக்காரி வாய்க்குள் சொன்னாள். தடிமனான கண்ணாடி போட்டவள், அந்தத் தளத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் வம்பு, மூடினால் முணுமுணுப்பு.

வளையத்தைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அது உடனே காட்டிக்கொடுக்கும். வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கழற்றினால் அந்தப் பத்தும் பூஜ்யம். காலையில் போனைப் பக்கத்தில் வைத்தால், முந்தைய நாள் நாடித்துடிப்பும் தூக்கமும் அதில் ஏறி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் வரும். அதே எண் அலுவலகத்துக்கும் போகும்.

முதல் நாள் அவளுக்கு வந்தது முப்பத்தொன்று. மறுநாள் இருபத்தேழு. பிறகு இருபத்திரண்டு.

பத்தாம் வகுப்பில்கூட அவள் இப்படி மார்க் வாங்கியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலைக்கு அறுபது, நடத்தைக்கு முப்பது. அதில் முனைப்பு இந்த வருடமும் வெளியே தெரியாமல் போனால் இந்தப் பத்துதான் கரை ஏற்றும். தூங்கியே ஆக வேண்டும் என்று படுத்தாள். தூங்கியே ஆக வேண்டும் என்று படுத்தவளுக்கு எந்த ஊரில் தூக்கம் வந்திருக்கிறது? மார்க் போய்விடுமோ என்று தூக்கம் போனது, தூக்கம் போனதால் மார்க் போனது. நலன் பிரிவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார்கள். அதில் ஒரு பெண் புல்தரையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டாள். கீழே, "இதை நீங்கள் முழுவதும் பார்த்தீர்களா என்பது பதிவாகும்" என்று போட்டிருந்தது.

பகலில் விலாசங்கள் கண்ணுக்குள் நீந்தத் தொடங்கின. ஏழு ஒன்றாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் பதினாறு பார்சலைத் தப்பான கதவுக்கு அனுப்பினாள்.

"மூஞ்சி ஏன்டி பேய் அறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் கண்ணாடிக்காரி. "நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எங்க வீட்டு நாய்க்குக் கட்டிவிட்டேன். நாள் முழுக்கத் தூங்குமே, அள்ளிடலாம்னு நினைச்சேன். நாடி எகிறுதுன்னு நலன் பிரிவுல இருந்து போன். உடனே டாக்டரைப் பாருங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. நாய்க்குப் பதிலா நான் போய் ஊசி போட்டுக்கிட்டு வந்தேன்."

அன்று வெகுநாள் கழித்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். போனால் அங்கே, முன்னறையில், விளக்கு எரிய, டிவி அலற, அம்மா குக்கரை உருட்ட, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தூக்கம் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி. பாயில் தலை படுவதற்குள் குறட்டை வந்துவிடும். மத்தியானம் பட்டறையில், சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில், அடுக்கிய டயர்களுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு அரைமணி நேரம் தூங்குவார். ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் பழைய டயர் என்று நினைத்து அவர்மேல் இன்னொரு டயரைப் போட்டுவிட்டார், அப்போதும் எழுந்திருக்கவில்லை.

அவள் தன் கையிலிருந்து வளையத்தைக் கழற்றி அப்பாவின் இடது மணிக்கட்டில் மாட்டினாள். ஒரு முறை கழற்றியாயிற்று. காலையில் அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது?"

"ஆபீஸ்ல குடுத்ததுப்பா. கழட்டாம போட்டுக்குங்க."

"மணி காட்டுமா?"

"காட்டாது."

"மணி காட்டாத வாட்ச்சை உங்க ஆபீஸ்லதான் குடுப்பாங்க" என்றார். ஆனால் பட்டறையில் போய் எல்லாரிடமும் காட்டினார். பொண்ணு ஆபீஸ்ல குடுத்தது.

மறுநாள் போனில் தொண்ணூற்று நாலு வந்தது. அதற்கு அடுத்த நாள் தொண்ணூற்றிரண்டு, பிறகு மறுபடியும் தொண்ணூற்று நாலு. கையிலிருந்து வளையம் போனதும் அவளுக்கும் கண் லேசாக அசந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பார்சல்கள் ஒழுங்காகச் சரியான கதவுக்குப் போயின. மாதக் கடைசியில் அலுவலகச் சுவரிலிருந்த பெரிய திரையில் அவள் படம் முதலிடத்தில் வந்தது. கண்ணாடிக்காரி அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தாள். டீம் லீடர் எல்லாரையும் நிற்க வைத்து, அவளை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்.

"ஒன்பது மணிக்குப் படுப்பேன்" என்றாள். "நாளைக்கு என்னன்னு யோசிக்க மாட்டேன். செஞ்ச வேலை உடம்புல இருக்கும். அது போதும்." அப்பாவைத்தான் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலோடு அவள் வீட்டுக்கு வந்ததுதான் தப்பு.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே மார்க் வந்தால் அதை அப்பா முன்னால் நின்று உரக்கப் படிக்க வேண்டும். அம்மாவைப் போலவே அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. எண் தெரியும், டயரில் இருப்பதெல்லாம் எண்தானே. அவள் படிக்கப் படிக்க அவர் விரலால் எண்களைத் தொட்டுச் சரிபார்ப்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். எண்பத்தெட்டு என்றால், "மிச்சம் பன்னிரண்டு எங்க போச்சு?" தொண்ணூற்றேழு என்றால், "மிச்சம் மூணு?" கேட்டுவிட்டு, இடது கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைப்பார். திட்டவோ அடிக்கவோ மாட்டார். அந்த மிச்சத்தை எங்கோ தெருவில் விழுந்து கிடக்கும் பொருள் மாதிரி அவர் கேட்பது அவளை இரவெல்லாம் தேட வைக்கும். அப்படித்தான் அவள் படித்தாள்.

பதினேழு வருடப் பழக்கம் காலைப் பிடித்து இழுத்தது. அப்பா முன்னால் நின்று போனை நீட்டினாள்.

"தொண்ணூத்தி நாலுப்பா. மொத்த ஆபீஸ்லயும் முதல்."

அப்பா விரலால் ஒன்பதைத் தொட்டார், நாலைத் தொட்டார். "எதுக்கு மார்க்?"

சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

"தூங்கினதுக்கு மார்க்கா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இந்நேரம் எத்தனை டிகிரி வாங்கியிருப்பேன்! ஏய், கேட்டியா? நான் பாஸாம்."

"ஒருநாளாவது முழிச்சிருந்து பாஸாகுங்க" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

சிரிப்பு அடங்கியது. அப்பா வளையத்தைப் பார்த்தார். "அப்ப இந்த மார்க் வந்தாத்தான் உனக்கு வேலை நிக்குமா?"

"ஆமாப்பா. மார்ச் மாசம் வரைக்கும் இப்படியே வந்தா போதும்."

"மிச்சம் ஆறு எங்க போச்சு?" என்றார் அப்பா.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு அப்பா எட்டரைக்கே கை கால் கழுவித் தலை வாரிக்கொண்டார். வேலைக்குப் போகும்போதுகூடத் தலை வாராத மனிதர். டிவியை நிறுத்தச் சொன்னார். தலையணையைத் தட்டி நேராக வைத்து, மல்லாக்கப் படுத்து, வளையம் நசுங்காமல் இடது கையைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டார். கண்ணை இறுக மூடினார். வாழ்நாளில் அவர் எழுதும் முதல் பரீட்சை அது. குறட்டை வரவில்லை.

காலையில் எழுபத்தொன்று. அப்பாவே போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இருபத்தி ஒம்பது போயிடுச்சே பாப்பா."

"ஒரு நாள்தானேப்பா."

பிறகு ஐம்பத்தெட்டு, நாற்பது, முப்பத்து மூன்று. தினமும் காலையில் அவர் போனுக்காகக் காத்திருந்தார். பொய் சொல்ல வழியில்லை, எண் தெரியுமே. டீயை நிறுத்தினார். மத்தியானம் டயருக்குள் தூங்கினால் ராத்திரிக்கு மிச்சம் இருக்காது என்று அதையும் நிறுத்தினார். பட்டறையில் யாரோ சொன்னார்கள் என்று ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்தார்.

"சும்மா இருந்த மனுஷனைக் கெடுத்துட்டியேடி" என்றாள் அம்மா. "இருபத்தஞ்சு வருஷமா அந்தக் குறட்டையைத் திட்டிக்கிட்டே தூங்கினவ நான். இப்ப அது இல்லாம எனக்கும் தூக்கம் வரல."

"கழட்டிக் குடுங்கப்பா. நானே போட்டுக்கறேன்."

அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "உன் கையில எவ்வளவு வந்துச்சு?"

"இருபத்தி ரெண்டு."

"என் கையில முப்பத்தி மூணு வருது. படிச்ச புள்ள, கணக்கு தெரியாதா உனக்கு?"

எட்டாயிரம் பேர் வேலை பார்க்கும் கம்பெனி போட்ட கணக்கு இது. ஒரு டயர் பட்டறைக்காரர் அதை அப்படியே நம்பினார். அவளே நம்பினாளே.

மதிப்பீட்டுக்கு முந்தின வாரம், புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அப்பா லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தைச் சம்மட்டியால் அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார். கண் ஒரு கணம் சொருகியது. சம்மட்டி இடது கட்டைவிரலில் இறங்கியது.

அலுவலகத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். அதனால் அவளுக்கு ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. அவள் ஓடிப் போனபோது மருத்துவமனைக் கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். நகம் போய்விட்டது, எலும்பு நொறுங்கியிருந்தது, கை முழங்கை வரை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வளையம் சதைக்குள் புதைந்து கிடந்தது. நர்ஸ் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"இவரு உங்க அப்பாவா? மூணு மணி நேரமா இதை வெட்ட விடமாட்டேங்கறாரு. ரத்தம் ஓடாதுன்னு சொன்னா காதுல ஏறல."

"அது வெட்டக் கூடாதும்மா" என்றார் அப்பா நர்ஸிடம், பொறுமையாக. "பொண்ணோட வேலை அது." பிறகு அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, இன்னிக்கி ஊசி போட்டிருக்காங்க. நல்லாத் தூக்கம் வருமாம். மார்க் ஏறும் பாரு."

அவள் நர்ஸின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கவில்லை. எண்ணெய் தடவித் தடவி, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, வளையத்தை முழுசாகவே கழற்றி எடுத்தாள். பிறகு அதை வலது கையில் மாட்டிவிட்டாள். இரண்டாவது முறை. அதைச் செய்தது தன் கைதான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதிப்பீட்டு அறையில் ஒரு வட்ட மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. கைக்குட்டைப் பெட்டி அவள் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. டீம் லீடர் கையைக் குவித்துக்கொண்டார்.

"உங்க விலாச வேலை பிரமாதம்மா. அதுல பேச்சே இல்ல. ஆனா நலன்..." திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு மலைமேல் ஏறி, உச்சியில் சில நாள் நடந்து, பிறகு கிணற்றுக்குள் விழுந்திருந்தது. "எல்லாருக்கும் நீங்கதான் முன்மாதிரி. திடீர்னு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சார்."

"இதைப் பாருங்க. புதன்கிழமை மூணு மணி. நாடி நூத்தி அறுபத்தஞ்சு. அந்த நேரம் நீங்க எங்கூட மீட்டிங்ல உக்காந்திருந்தீங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க." அவர் குரல் உண்மையாகவே கரைந்தது. "உள்ள அவ்வளவு போராட்டம், வெளிய சிரிப்பு. எனக்கு ராத்திரி தூக்கமே வரலம்மா, இதை நினைச்சு."

அவர் சட்டைக்கைக்குக் கீழேயும் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் அதைவிடக் கறுப்பாக இருந்தது. அவருக்கும் யாரோ மார்க் போடுகிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது என் நாடி இல்லை என்று. சொன்னால் மோசடி, இன்றே வெளியே. சொல்லாவிட்டால் மூன்று வராது. அப்படியும் வாய் திறந்துவிட்டது.

"சார், அது எங்க அப்பா..."

"புரியுதும்மா" என்றார் அவர் உடனே. "வீட்டுப் பிரச்சினை. விவரம் சொல்ல வேண்டாம், அது உங்க தனிப்பட்ட விஷயம்." தட்டெழுதினார். குடும்ப அழுத்தம், ஒரு வரி.

பிறகு தாளை நீட்டினார். இந்த வருடம் அதில் எண் இல்லை. எண் மனதைப் புண்படுத்துகிறதாம், அதனால் சொல். "முன்னேற்றம் தேவை." இரண்டு என்பதன் புதுப் பெயர் அது.

"நீங்க நல்ல வேலைக்காரிங்கறதால மேலிடத்துல பேசியிருக்கேன். உடனே அனுப்ப மாட்டாங்க. மூணு மாசம் கண்காணிப்பு. தூக்கம் எண்பதுக்கு மேல வந்தா மறுபடி பாப்பாங்க." அவர் கையைக் குவித்தார். "ஒண்ணும் யோசிக்காதீங்க. நல்லாத் தூங்குங்க."

அவள் நன்றி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். வெளியே வந்ததும் கண்ணாடிக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். வம்பே வாயாக இருந்தவள் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

வீட்டு வாசலில் அப்பா நின்றார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு தூக்கிக் கட்டியிருந்தது. தலை வாரியிருந்தார். பட்டறைக்குப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

"மார்க் வந்துருச்சா பாப்பா?"

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். அவள் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். அப்பா குனிந்து பார்த்தார். விரல் எண்ணைத் தேடித் தாள் முழுக்க நடந்தது, எங்கும் கிடைக்கவில்லை.

"நம்பரே இல்லையே?"

"இந்த வருஷம் எழுத்துல போட்டிருக்காங்கப்பா."

"படி."

பதினேழு வருடமும் அந்த வீட்டில் தாளில் இருந்ததைத்தான் படித்திருக்கிறாள். முப்பத்தைந்து வாங்கிய அன்றும் முப்பத்தைந்து என்றுதான் படித்தாள். இப்போது எழுத்துக்கள் நீந்தின.

"நாலு" என்று படித்தாள். "அஞ்சுக்கு நாலு. வேலை நிரந்தரம்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தலையாட்டினார். மைப்பெட்டியை எடுத்து வரச் சொன்னார். கம்பெனித் தாளுக்குக் கைநாட்டு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பழக்கத்தில் அவர் இடது கையை நீட்டினார். கட்டைவிரல் இருந்த இடத்தில் துணி உருண்டை. அதைப் பார்த்தார், கையை இறக்கி, வலது கட்டைவிரலை மையில் தோய்த்து, "முன்னேற்றம் தேவை" என்பதன்மேல் அழுத்தி வைத்தார்.

"வளையத்தைக் கழட்டிடலாம்ப்பா. இனிமே வேண்டாம். நிம்மதியாத் தூங்குங்க."

கழற்றினாள். மூன்றாவது முறை. ஒரே வருடத்துக்குள் மூன்று, அந்தப் பத்தும் பூஜ்யம். அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டு சட்டைக்கையை இழுத்து மூடினாள்.

எட்டரை மணிக்கு அப்பா படுத்தார். அவள் சுவரோரம் தன் பாயில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குறட்டை வந்தால் போதும். அம்மாவும் அதற்காகத்தான் விழித்திருந்தாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"பாப்பா" என்றார் அப்பா இருட்டில்.

"என்னப்பா?"

"அஞ்சுக்கு நாலுதானே?"

"ஆமாப்பா."

தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

"மிச்சம் ஒண்ணு" என்றார் அப்பா. "அது என்னாலதானே போச்சு?"

இல்லை என்றாள். இல்லப்பா, ஐந்து யாருக்கும் போடமாட்டார்கள், கடவுளே வந்து விலாசம் திருத்தினாலும் போடமாட்டார்கள் என்றாள். ஐந்து என்றே படித்திருக்கலாம். ஒரு பொய்யைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பா சரி என்றார். மல்லாக்கப் படுத்து, வளையமில்லாத, கட்டுப் போட்ட இடது கையைத் தனியாக நீட்டி வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவளுக்காகத் தூங்கிக்காட்டினார். அவளும் மூச்சை ஒரே சீராக இழுத்து விட்டாள், அவருக்குக் கேட்கும்படி. சட்டைக்கைக்குள் வளையம் விட்டுவிட்டுப் பச்சையாக மின்னி எண்ணிக்கொண்டிருந்தது.